கடைசி ஊருக்கு ஒரு பிணம்

அத்தியாயம் 6

ஃப்ளோரன்ஸ் கையை ஓங்கியதை ஹென்றி பார்த்தான். விலகியிருக்கலாம், விலகவில்லை. பள்ளிக்கூடத்தில் பத்து வருஷம் தன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த ஆண்ட்ரூவின் பெண்டாட்டி. ஒரு அறை விடும் உரிமை அவளுக்கு உண்டு என்று நினைத்தான். அறை விழுந்து காது கொய்யென்று கத்திய பிறகுதான், அந்த உரிமையில் பாதியைக் குறைத்திருக்கலாம் என்று தோன்றியது.

“ஒரே தட்டுல துன்னீங்களேடா ரெண்டு பேரும்! இப்ப கம்பெனிக்காரனுக்கோசரம் எம் புருசனத் தேடிகினு வந்து நிக்கிறியே, வெக்கமா இல்ல?”

“அவன காப்பாத்தத்தான் தேடிகினு கீறேன், ஃப்ளோரன்ஸு. மொதல்ல கேட்டுட்டு அப்பால அடிச்சிருந்தீனா ஒரு காது மிச்சமாயிருக்கும்.”

கல்மண்டபம் ஏரியாவில் அந்த வீட்டு முற்றம் இரண்டு பேர் நிற்கவே போதாது. மூன்றாவதாக நின்றுகொண்டிருந்த ராமசெல்வி, அறையையும் கவனிக்கவில்லை, அழுகையையும் கவனிக்கவில்லை. கொடியில் காய்ந்த ஒரு துண்டையும், குழாயடியில் கழுவாமல் கிடந்த டிபன் கேரியரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராமசெல்வி, யானைக்கவுனியில் மிளகாய் வற்றல் மொத்த வியாபாரம் செய்யும் குடும்பத்துப் பெண். கல்லாவில் உட்காரச் சொன்னார்கள். அவள் மாடிக்குப் போய் துப்பறியும் ஆபீஸ் திறந்துவிட்டாள். கீழேயிருந்து காரம் ஏறி வருவதால், வருகிறவர்கள் தும்மிக்கொண்டேதான் கேஸ் சொல்வார்கள். ஹென்றி அங்கே ஒரே அசிஸ்டெண்ட். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன், வாய்த்துடுக்கால் வேலையைத் தொலைத்தவன்.

கேஸ் இதுதான். ‘வயல்வெளி பஜார்’ என்ற பெரிய கம்பெனி, கிராமத்து ஜனங்களுக்கு ஊருக்குள்ளேயே ஏசி போட்ட கடை என்று நூற்றுக்கணக்கில் திறந்து வைத்திருந்தது. எர்ணாவூர் குடோனிலிருந்து அந்தக் கடைகளுக்கு லாரியில் சரக்கு போகும். வியாழக்கிழமை ஐந்து ஊர்களுக்குப் போன ஒரு லாரி, கடைசியாக மாம்பேடு என்ற ஊரில் ஒரு புது ஐஸ்கிரீம் பிரீசரை இறக்கியது. கடையில் வேலை செய்யும் ரூபினா மூடியைத் திறந்தாள். உள்ளே ஜெரின் மடங்கிக் கிடந்தான். கடைகளைத் திறந்து வைத்து மேற்பார்வை பார்க்கும் முப்பத்தொரு வயது ஆபீசர். மண்டை இரண்டாகப் பிளந்திருந்தது. மடியில் ஒரு இரண்டு கிலோ எடைக்கல்.

எடைக்கல், நெடுவரம் என்ற ஊரில் மளிகைக்கடை வைத்திருக்கும் சுயம்புவுடையது. கம்பெனி அங்கே கடை திறந்த அன்றைக்கு, தன் பிழைப்பு போச்சு என்று அவர் அதே கல்லை வீசிக் கண்ணாடிக் கதவை உடைத்தார். அதை ஊரே பார்த்தது. போலீஸ் சுயம்புவை உள்ளே வைத்துவிட்டது. லாரி ஓட்டிப்போன ஆண்ட்ரூவும் உடந்தை என்றார்கள். ஆண்ட்ரூ அன்றைக்கே காணாமல் போனான்.

போலீஸ் அவனை நிதானமாகத் தேடியது. ஜெரினின் தாய்மாமன் ஜெயக்கொடிக்கு நிதானம் இல்லை. யானைக்கவுனியில் மொத்தக்கடை, தகப்பன் இல்லாத பையனைத் தூக்கி வளர்த்தவர். ஆண்ட்ரூவின் இரண்டு கைகளும் தன் முன்னால் வந்து விழும்வரை மருமகனின் சவப்பெட்டியை மூடமாட்டேன் என்று சர்ச் வாசலிலேயே சொல்லியிருந்தார். பெட்டி இன்னும் திறந்தே இருந்தது.

இந்த நிலையில்தான் கம்பெனியின் போக்குவரத்து மேனேஜர் பாலகணேஷ் தும்மிக்கொண்டே மாடி ஏறி வந்தார். “ஜெயக்கொடிக்கு முன்னாடி நீங்க டிரைவரைக் கண்டுபிடிங்க. எங்க ஸ்டாஃப் உயிர் முக்கியம்” என்றார். ஒரே நிபந்தனை: ஆள் இருக்கும் இடம் தெரிந்த நிமிஷமே லொகேஷன் அனுப்ப வேண்டும். கம்பெனி வண்டி வந்து பத்திரமாக அழைத்துப் போகும். இவ்வளவு நல்ல மனுஷனா என்று ஹென்றிக்கே ஆச்சரியமாக இருந்தது.

ராமசெல்வி கொடியிலிருந்த துண்டை எடுத்து ஹென்றியிடம் நீட்டினாள்.

“மோந்து பாரும்.”

ஹென்றி மோந்தான். முகம் எட்டுக் கோணலாயிற்று. “மேடம், இது கேரியர் சுத்துற துணியா? பஸ் ஸ்டாண்டு செவுத்தையே தொடச்சா மாதிரி கீது.”

“அது மூத்திரம் இல்லவே, அமோனியா. ஐஸ் பேக்டரி குழாய் ஒழுகினா இந்த வாடைதான். கேரியரைத் தொட்டுப் பாரும். இந்த வெயில்லயும் வேர்த்து ஜில்லுனு இருக்கு.” ராமசெல்வி ஃப்ளோரன்ஸ் பக்கம் திரும்பினாள். “இப்பத்தான் சோறு போயிட்டு வந்திருக்கு. எந்தப் பேக்டரி?”

ஃப்ளோரன்ஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். “கொன்னுடுவானுங்கம்மா.”

“நாங்க கண்டுபிடிக்கக் கால் மணி ஆச்சு. அவங்களுக்கு அரை மணி ஆகும். அவ்வளவுதான் வித்தியாசம்.”

ஃப்ளோரன்ஸ் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “காசிமேடு. சவரிநாதன் மாமா பேக்டரி. மீன் பிடிக்கத் தடைக்காலம்னு ஒரு போட்டும் கடலுக்குப் போவல, அங்க ஆளு கெடயாது. ஹென்றி... அவன முழுசா இட்டுகினு வந்துடு நைனா.”

“முழுசா இட்டுகினு வரேன்” என்றான் ஹென்றி.

ஆட்டோவில் ஏறியதும் முதல் வேலையாகப் பாலகணேஷுக்கு பேக்டரியின் லொகேஷனை அனுப்பினான். ராமசெல்வி பையைத் திறந்து ஒரு தகர டப்பாவை எடுத்து, அடிப்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று மாம்பேட்டுக்குப் போனபோது ரூபினாவிடம் வாங்கி வந்தது. குழந்தைகளுக்குக் கரைத்துக் கொடுக்கும் பால் பவுடர்.

“கல்யாணமே வாணாம்னீங்களே மேடம். பால் பவுடரு எதுக்கு?”

“உமக்குத்தான். வாயில போட்டா கொஞ்ச நேரம் பேச்சு நிக்கும்.”

ஐஸ் பேக்டரி உள்ளே இருட்டாகவும் குளிராகவும் இருந்தது. ஒரே ஒரு மெஷின் மட்டும் முனகிக்கொண்டிருந்தது. உப்புத்தண்ணீர்த் தொட்டியை மூடிய மரப்பலகைகளுக்குப் பின்னால், கோணிக்குள் சுருண்டிருந்த ஆண்ட்ரூ, ஹென்றியைப் பார்த்ததும் எழுந்து வந்து கட்டிக்கொண்டான். கண்ணில் தண்ணீர் இல்லை. அழுது முடித்துவிட்டிருந்தான்.

“நான் ஒண்ணியும் பண்ல மாமு.”

“தெரியும்டா. நீ கணக்குப் பரீட்சையில பிட்டு அடிச்சே மாட்டிகினவன், கொலை பண்ணா தப்பிச்சிருக்கவா போற?”

ராமசெல்வி நேராக விஷயத்துக்கு வந்தாள். “கம்பெனி குடுத்த ரூட் ஷீட்ல மாம்பேடு மொத ஊரு. நெடுவரம் கடைசி ஊரு. நீங்க ஏன் தலைகீழாப் போனீங்க?”

“வியாழக்கெயமம்மா அன்னிக்கு.”

“அதனால?”

“நெடுவரத்துல சந்தை. சுத்துப்பட்டு ஜனம் அல்லாம் காலைலயே வந்துடும். நாம ஷீட்டுப்படி சாயங்காலம் போனா எவன் கீறான் வாங்க? அதான் வியாழன் மட்டும் நெடுவரம் மொதல்ல, மாம்பேடு கடைசில. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சந்தை நாளு கீது. அத்தப் பாத்து நாங்களே மாத்திக்குவோம்.”

“ஆபீசுக்குத் தெரியுமா?”

“ஜெரின் சார்தாம்மா ஏற்பாடு பண்ணாரு. ஆபீசுக்கு சொல்லாதீங்க, மெயில் போட்டு பர்மிஷன் வர்றதுக்குள்ள மழைக்காலம் வந்துரும்னாரு.” ஆண்ட்ரூவின் குரல் உடைந்தது. “நல்ல மனுசன். அவரையே நான் கொன்னுட்டேன்றானுங்க.”

“அந்த பிரீசர் எப்ப ஏறுச்சு?”

“நாங்க லோடு ஏத்த வரும்போதே வண்டிக்குள்ள ஒரே கடைசில, செவுத்த ஒட்டி நின்னுகினு இருந்துச்சு. ஸ்டிக்கரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. கடைசில கீதே, அப்ப மாம்பேட்டுக்குத்தான்னு வுட்டுட்டோம்.”

ராமசெல்விக்கு ஏதோ ஒன்று சட்டென்று பிடிபட்டது. வாயைத் திறந்தாள். அவள் சொல்வதற்குள் வெளியே இரும்புக் கதவு டமாரென்று மோதித் திறந்தது.

நான்கு பேர். இரண்டு அரிவாள், ஒரு இரும்புக் குழாய், ஒரு சைக்கிள் செயின். எல்லோருக்கும் மூட்டை தூக்கிய தோள்கள்.

“கம்பெனி வண்டி வருதுன்னாங்க, கசாப்புக்கடை வண்டி வந்துக்குது” என்றபடி ஹென்றி, ஐஸ் இழுக்கும் கொக்கியைச் சுவரிலிருந்து உருவினான்.

முதல் அரிவாள் அவன் தலைக்கு வந்தது. குனிந்தான். அரிவாள் தூணில் கொத்தி நின்றது. இழுப்பதற்குள் ஹென்றியின் கொக்கி அந்த ஆளின் முன்னங்கையில் இறங்கி, தசையோடு வெளியே வந்தது. அவன் போட்ட கூச்சலில் தகரக் கூரை அதிர்ந்தது. இரண்டாவது ஆள் செயினைச் சுழற்றி ஹென்றியின் முதுகில் வைத்தான். சட்டை கிழிந்தது, தோலும் கூடவே கிழிந்தது. ஹென்றி திரும்பாமலே பின்னங்காலால் உதைத்தான். செயின்காரன் பலகை விலகிய இடத்தில் கால் வைத்து, உப்புத்தண்ணீர்த் தொட்டிக்குள் கழுத்துவரை இறங்கினான். அந்தக் குளிரில் அவனுக்குக் கத்தக்கூட மூச்சு வரவில்லை.

ராமசெல்வி பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து, மூன்றாமவன் முகத்துக்கு நேராக உடைத்தாள். குடும்பத் தொழில், குண்டூர் மிளகாய்த்தூள். அவன் இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு தரையில் உருண்டான். இரண்டடி தள்ளி நின்ற ஹென்றிக்கும் அடுக்கடுக்காகத் தும்மல் வந்தது.

“சொல்ட்டு தூவுங்க மேடம்!”

அந்தத் தும்மலில்தான் தப்பு நடந்தது. நான்காவது ஆள் ஹென்றியைத் தாண்டிப் போய் இரும்புக் குழாயை வீசினான். ஆண்ட்ரூ தலையைக் காக்க இடது கையைத் தூக்கினான். எலும்பு முறிந்த சத்தம் மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. ஹென்றி குழாய்க்காரன்மேல் பாய்ந்து, மூக்கில் தன் நெற்றியால் மூன்று முறை மோதினான். மூன்றாவது மோதலில் மூக்கு இருந்த இடம் தெரியவில்லை.

அதற்குள் வாசலில் இன்னொரு வண்டி வந்து நின்றது. இந்த முறை ஆறு பேர் இறங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால், கசங்கிய வெள்ளை வேட்டி சட்டையில் ஜெயக்கொடி.

ஆறு பேரை அடிக்க ஹென்றியிடம் தெம்பு இல்லை. அரை நிமிஷத்தில் அவனைக் குப்புறத் தள்ளி முதுகில் ஒருவன் ஏறி உட்கார்ந்தான். இன்னொருவன் செயின்காரனைத் தொட்டியிலிருந்து தூக்கிப் போட்டான். தன் இடது உள்ளங்கை பிளந்து ரத்தம் ஒழுகுவதையே அப்போதுதான் பார்த்தான். அரிவாள் எப்போது பட்டது என்று தெரியவில்லை.

ஜெயக்கொடி யாரையும் பார்க்கவில்லை. ஐஸ் உடைக்கும் மெஷினைக் காட்டினார். “ஓட விடுலே அத.”

ஒருவன் சுவிட்சைப் போட்டான். இரும்புப் பற்கள் வைத்த உருளை கடகடவென்று சுற்ற ஆரம்பித்தது. ஐம்பது கிலோ ஐஸ் கட்டியைப் பொரியாக்கித் துப்பும் மெஷின்.

“எம் மருமவன மடக்கி வச்ச கையி. ரெண்டையும் உள்ள வுடு.”

இருவர் ஆண்ட்ரூவை இழுத்துக்கொண்டு போனார்கள். முறிந்த கையைப் பிடித்தே இழுத்தார்கள். ஆண்ட்ரூ கத்திய கத்தலில் ஹென்றி திமிறினான். இந்த இடத்தை யார் காட்டிக்கொடுத்தது? ஃப்ளோரன்ஸ் சொல்லியிருக்க மாட்டாள். ஹென்றி அனுப்பியது ஒரே ஒருவருக்கு. அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. தன் கட்டைவிரல் ஒரு தடவை அழுத்தியதில் தோஸ்தின் இரண்டு கைகளும் போகப்போகின்றன. வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் வாயில் ஒரு கேலியும் வரவில்லை.

கடகட சத்தம் நின்றது.

ராமசெல்வி சுவரோரம் மெயின் சுவிட்சின் மேல் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள். ஒருவன் அரிவாளோடு அவளை நோக்கி வந்தான். அவள் அவனைப் பார்க்கவே இல்லை.

“அண்ணாச்சி, ஒரு கேள்வி. லாரியில அஞ்சு ஊருக்குச் சரக்கு ஏத்துனா, கடைசியா எறங்குற ஊரு சரக்க எங்க அடுக்குவீங்க?”

ஜெயக்கொடி திரும்பினார். நாற்பது வருஷ வியாபாரி. பதில் அவரைக் கேட்காமலே வந்தது. “ஆழத்துல. மொதல்ல ஏத்துனது கடைசியில எறங்கும். நீ யாரு, மொளவா வத்தல் கடப் பிள்ளதான? விலகு.”

“விலகுறேன். அதுக்கு முன்னால ஒண்ணு. பிரீசர் வண்டியில ஆழத்துல, சுவரோட ஒட்டி இருந்துச்சு. சுயம்பு நெடுவரத்துக்காரரு. அன்னிக்கு வண்டி மொதல்ல போனது நெடுவரம். அங்க வச்சு அவரும் ஆண்ட்ரூவும் பிணத்த ஏத்துனாங்கன்னு போலீஸ் சொல்லுது. பிரீசருக்கு முன்னால நாலு ஊரு சரக்கு கூரை வரைக்கும் அடுக்கிக் கெடக்கு. அம்புட்டையும் எறக்கினாத்தான் பிரீசரத் தொட முடியும். சந்தைக்கு வந்த ஜனத்துக்கு நடுவுல, பட்டப்பகல்ல. நீங்க நம்புவீங்களா?”

ஆண்ட்ரூவைப் பிடித்திருந்தவர்கள் இழுப்பதை நிறுத்தினார்கள். அவர்களும் வாழ்நாள் பூராவும் லாரிக்கு மூட்டை ஏற்றியவர்கள்தான்.

“வண்டி காலியா இருந்தப்பவே, எர்ணாவூர் குடோன்ல, பிணத்தோட பிரீசர வச்சாச்சு. ஸ்டிக்கர் ஒட்டல. ஸ்டிக்கர் அடிச்சா யாரு அடிச்சாங்கன்னு கம்ப்யூட்டர்ல பேரு விழும். ஆழத்துல வச்சா அதுவே வெலாசம். ஷீட்டுப்படி கடைசி ஊரு நெடுவரம். அங்க சுயம்பு எடைக்கல்லோட பிணம் எறங்கணும், பழி சுயம்பு தலையில விழணும். அதான் திட்டம்.”

“பொறவு எப்படி மாம்பேட்டுல எறங்குச்சு?”

“வியாழக்கிழமை. நெடுவரத்துல சந்தை. வண்டிய தலைகீழா மாத்தி ஓட்டுறது டிரைவருக்குத் தெரியும், லோடுமேனுக்குத் தெரியும், கடைப் பிள்ளைங்களுக்குத் தெரியும். இதுல யாரு பிரீசர வச்சிருந்தாலும் வாசல் பக்கம் வச்சிருப்பாங்க. ஆழத்துல வச்சவனுக்கு ஷீட்டு தெரியும், சந்தை தெரியாது. அந்த மாத்தி ஓட்டுற ஏற்பாட்டப் பண்ணுனதே உங்க மருமகன்தான், அண்ணாச்சி. ஆபீசுக்குச் சொல்லாமப் பண்ணியிருக்காரு.”

ஜெயக்கொடியின் தாடை இறுகியது. “சந்தை நாளு தெரியாம ஊர்ல கடை வக்க வந்தவன் எவன்?”

“இந்த இடத்த உங்களுக்கு யாரு சொன்னா?”

“கம்பெனி மேனேசரு. பாலகணேசு. நல்ல மனுசன், அவருதான் போன் போட்டு...” ஜெயக்கொடி பாதியில் நிறுத்திக்கொண்டார்.

ராமசெல்வி போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, பாலகணேஷை அழைத்தாள். எல்லோரையும் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள்.

“சார், லேட்டாயிடுச்சு. ஜெயக்கொடி ஆளுங்க முந்திக்கிட்டாங்க. ஆண்ட்ரூ செத்துட்டான்.”

மறுமுனையில் நீளமாக ஒரு மூச்சு விடும் சத்தம் கேட்டது. “ஐயோ பாவம். ஏதாவது சொன்னானா?”

“பிரீசரப் பத்தி என்னமோ உளறினான் சார். புரியல.”

“பிரீசரா? என்ன சொன்னான்? திறந்து பாத்தானாமா? பாக்காம எப்படிங்க, அவன்தானே இடத்தை மாத்தினான்! நெடுவரத்துக்குப் போக வேண்டிய பிரீசரை எதுக்கு மாம்பேட்டுல இறக்கினான்னு ரெண்டு நாளா எனக்குத் தூக்கமே இல்ல.”

“ஸ்டிக்கரே இல்லாத பிரீசர் சார் அது. நெடுவரத்துக்குன்னு உங்களுக்கு யாரு சொன்னா?”

துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் நீளமாக ஊதியது. ஹென்றி தலையைத் தூக்கினான். அதே ஊதல் போனுக்குள்ளிருந்தும் வந்தது.

“கஸ்மாலம்! பக்கத்துலதான் கீறான்!”

முதுகில் உட்கார்ந்திருந்தவனை ஹென்றி உதறிக்கொண்டு எழுந்தான். அந்த ஆளும் தடுக்கவில்லை. கீழே கிடந்த கொக்கியை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டி ஓடினான். வலைகள் குவித்த சந்து முனையில் வெள்ளைக் கார் ஒன்று ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. பாலகணேஷ், இனிமேல் அவனுக்கு எதற்கு மரியாதை, பாலகணேஷ்தான் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தான். சாவை உறுதி செய்துகொண்டு போக வந்திருக்கிறான். ஹென்றி கையிலிருந்த கொக்கியால் கண்ணாடியை உடைத்தான். உடைந்த வழியாகவே கையை விட்டு, காலரைப் பிடித்து வெளியே உருவினான். கண்ணாடிச் சில்லுகள் பாலகணேஷின் கழுத்தையும் கன்னத்தையும் கீறிக்கொண்டே வந்தன. ஹென்றிக்கு அதில் துளி வருத்தம் இல்லை.

“இது எந்தோஸ்து கைக்கு” என்று முகத்தில் ஒன்று வைத்தான். இரண்டு பற்கள் தரையில் விழுந்தன. “இது என்ன முட்டாளாக்குனதுக்கு” என்று இன்னொன்று.

தரதரவென்று இழுத்து வந்து மெஷினுக்கு முன்னால் போட்டான்.

ஆண்ட்ரூ ஐஸ் கட்டியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வலியில் உதடு நடுங்கியது. “அந்த எடக்கல்லு... இந்தாளு டேபிள்லதாம்மா இருந்துச்சு. கண்ணாடி உடைச்ச அன்னிக்கு எடுத்தாந்து வெச்சிகினாரு. பேப்பர் பறக்காம மேல வெச்சிருப்பாரு.”

ஜெயக்கொடி குனிந்து பாலகணேஷின் வலது கையைப் பிடித்தார். நிதானமாக, ஒவ்வொரு விரலாக, பின்பக்கம் மடக்கினார். முதல் விரல் முறிந்தது. இரண்டாவது முறிந்தது. பாலகணேஷின் அலறலில் கூரை மேலிருந்த காக்கைகள் பறந்தன. ஜெயக்கொடி நிமிர்ந்து சுவிட்சுப் பக்கம் பார்த்தார்.

“போடுலே.”

மெஷின் கடகடவென்று மறுபடி சுற்றியது. இந்தத் தடவை ஹென்றியே தடுக்க நினைக்கவில்லை. நினைக்காததற்குப் பிறகு வெட்கப்பட்டான்.

ராமசெல்வி குறுக்கே வந்து, ஜெயக்கொடியின் கண்ணுக்கு நேராக அந்தப் பால் பவுடர் டப்பாவை நீட்டினாள். அடியில் ஒட்டியிருந்த தேதி ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினாள். கீழே இன்னொரு தேதி இருந்தது. போன வருஷத் தேதி.

“சிட்டியில காலாவதியானத தூக்கிப் போடாம, மேல புதுத் தேதி ஒட்டி ஊருக் கடைக்கு அனுப்பியிருக்கான். ஊர்க்காரங்க தேதி பாக்க மாட்டாங்கன்னு. புதன்கிழமை உங்க மருமகன் மாம்பேட்டுக்குப் போன் போட்டு, இந்த டப்பாவ விக்காத, உள்ள எடுத்து வையின்னு சொல்லியிருக்காரு. ரூபினா எங்கிட்ட சொன்னா. அன்னிக்குச் சாயங்காலமே இவங்கிட்ட கேக்கப் போயிருக்கணும். அதுக்கு மேல அவர யாரும் உயிரோட பாக்கல.”

“அதுக்குத்தான் கொன்னானா?” ஜெயக்கொடியின் குரல் முதல் தடவையாக நடுங்கியது. “ஒரு டப்பாவுக்கா?”

“மத்த ஊருக்குச் சொல்றதுக்குள்ள கொன்னுட்டான். டப்பா இன்னும் அலமாரியிலதான் இருக்கு. எந்தெந்த ஊருன்னு இவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும். கைய உள்ள விட்டா கத்துவான் அண்ணாச்சி, ஊர் பேரு வராது. உங்களுக்கு எது வேணும்?”

மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. ஜெயக்கொடியின் பிடியில் பாலகணேஷின் மணிக்கட்டு இரும்புப் பற்களுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அவருக்கு அந்தக் கை வேண்டும் என்பது அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் தெரிந்தது. கடைசியில் அவர் சுவிட்ச் பக்கம் தலையை அசைத்தார். மெஷின் நின்றது.

“ஊர் பேரச் சொல்லு.”

பாலகணேஷ் ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சொன்னான். ரூட் ஷீட்டுகளில் இருக்கும் வரிசையிலேயே சொன்னான். அவனுக்கு வேறு வரிசை தெரியாது. மாம்பேட்டைத் தவிர ஏழு ஊர்கள். கடைசிப் பேர், கரடிக்குப்பம். ராமசெல்வி எழுதிக்கொண்டு முதல் ஊருக்குப் போன் போடப் போனாள்.

“வாணாம்மா” என்றான் ஆண்ட்ரூ. “இன்னிக்கு சனிக்கெயம. கரடிக்குப்பம் சந்தை. மொதல்ல அங்க போடுங்க. பச்சப்புள்ளகாரிங்க அல்லாம் இப்பத்தான் கடைக்கு வரும்.”

ஆண்ட்ரூ நம்பரைச் சொல்ல, ஹென்றி ரத்தக்கையால் அழுத்தினான். ரிங் போய்க்கொண்டே இருந்தது. ஆறாவது மணியில் ஒரு பெண் எடுத்தாள். பின்னால் சந்தை இரைச்சல்.

“வயல்வெளி பஜார், வணக்கம்.”

“ஜெரின் சாரு ஆபீஸ்லேர்ந்து பேசறேம்மா. பால் பவுடரு டப்பா எத்தினி வித்துக்குது?”

“இந்த லோடுல வந்ததா சார்? இப்பத்தான் அட்டப்பெட்டியப் பிரிச்சேன். ஒண்ணுதான் போச்சு. அந்தக்கா இன்னும் வாசல்லதான் செருப்பு மாட்டிக்கிட்டிருக்கு.”

“ஓடும்மா! அத்தப் புடுங்கு! ஓடு!”

போன் மேசையில் விழுந்த சத்தம். காலடிகள். யாரோ யாரையோ கூப்பிடும் குரல். ஐஸ் பேக்டரியில் பதினைந்து பேர் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தார்கள். மிளகாய்த்தூள் பட்டவன் மட்டும் ஒரு தடவை விசும்பினான்.

மூச்சிரைக்க அவள் குரல் திரும்பி வந்தது. “வாங்கிட்டேன் சார். அந்தக்கா திட்டுது. என்ன சார் ஆச்சு?”

ஹென்றி போனை ராமசெல்வியிடம் நீட்டிவிட்டு, ஆண்ட்ரூவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் நல்ல கையைப் பிடித்துக்கொண்டான்.

ஜெயக்கொடி அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து, ஆண்ட்ரூவின் முறிந்த கையைத் தூக்கிக் கட்ட ஹென்றியிடம் கொடுத்தார். தன் ஆள் பக்கம் திரும்பினார்.

“வீட்டுக்குப் போன் போடுலே. பெட்டிய மூடச் சொல்லு.”